மொட்டைக் கோழி மர்மம்!



போன வாரம் வரை பளபளவென்று இருந்த உங்கள் வீட்டுக் கோழி, ஒருநாள் காலை பஞ்சாரத்தைத் தூக்கியதும் வெறுங்கழுத்தோடு, வால் இறகும் இல்லாமல் ஓடி வந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? முதலில் சிரிப்பு வரும். அப்புறம் பயம் வரும். "ஐயோ, என் கோழிக்கு என்ன ஆச்சு?"

பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் கிராமங்களில் இப்படி ஒரு கோழி கண்ணில் பட்டால் போதும். ஆளாளுக்கு ஒரு தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்!

"கண்ணு பட்டுடுச்சு" என்பார் ஆயா.

"சீக்கு வந்துடுச்சு. மத்த கோழிக்குப் பரவுறதுக்குள்ள சந்தைக்குக் கொண்டு போயிடு" என்பார் பெரியப்பா.

"பேன்தான். பருத்திக்கு அடிக்கிற மருந்தைக் கொஞ்சம் தெளிச்சுவிடு" என்பார் பக்கத்து வீட்டு அண்ணன்.

"எதுக்கு வம்பு? ஞாயித்துக்கிழமை குழம்பு வெச்சுடலாம்" என்பார் மாமா.

நான்கு பேர், நான்கு தீர்ப்பு. ஆனால், நான்கு பேரில் ஒருவராவது அந்தக் கோழியைப் பிடித்துப் பார்த்தாரா? இல்லை!

இங்கேதான் உங்களுக்கு வேலை இருக்கிறது. கோழியின் உயிரைக் காப்பாற்ற ஒரு துப்பறியும் நிபுணர் தேவை. பூதக்கண்ணாடி எல்லாம் வேண்டாம். இரண்டு கண், ஒரு நோட்டு, ஒரு பென்சில் போதும். இறகு எங்கே போயிருக்கிறது என்று சரியாகப் பார்த்தால், ஏன் போனது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முதலில் இறகைப் பற்றி...

ஒரு கோழியின் உடம்பில் ஏறத்தாழ 8000 இறகுகள் இருக்கும். வெயில், மழை, குளிர் எல்லாவற்றுக்கும் அதுதான் அதன் சட்டை, அதன் குடை, அதன் போர்வை!

நம் நகமும் முடியும் எந்தப் பொருளால் ஆனவையோ, இறகும் ஏறக்குறைய அதே வகைப் பொருளால் ஆனது. அதன் பெயர் கெரட்டின். அது ஒரு புரதம். இறகில் 100-க்குச் சுமார் 90 பங்கு புரதம்தான்.

இப்போது ஒரு கணக்கு. ஒன்றரைக் கிலோ எடையுள்ள நாட்டுக்கோழியின் இறகு மட்டும் சுமார் 90 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் புரதம் சுமார் 80 கிராம். நாட்டுக்கோழி முட்டை ஒன்றில் சுமார் 5 கிராம் புரதம் இருக்கிறது. 80-ஐ 5-ஆல் வகுத்தால்? 16! அதாவது, ஒரு கோழி தன் சட்டையை முழுதாக மாற்ற வேண்டுமானால், 16 முட்டைக்கு ஆகும் புரதம் அதற்கு வேண்டும். நாட்டுக்கோழி ஒரு சுற்றில் இடும் முட்டையே கிட்டத்தட்ட அவ்வளவுதான்!

இந்தக் கணக்கை மறந்துவிடாதீர்கள். பின்னால் தேவைப்படும்.

ஐந்து கேள்விகள்

பொழுது சாய்ந்ததும் கோழி அடையும் நேரத்தில் வீட்டுப் பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு மெதுவாகப் பிடியுங்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடக் கூடாது. இரண்டு இறக்கையையும் உடம்போடு சேர்த்து அணைத்துப் பிடித்தால் கோழி பயப்படாது. பிறகு இந்த ஐந்து கேள்விகளுக்கும் விடையை நோட்டில் எழுதுங்கள்.

1. இறகு எந்த இடத்தில் போயிருக்கிறது? கழுத்திலா, முதுகிலா, வயிற்றிலா, வாலிலா?

2. எப்போது தொடங்கியது? ஒரே நாளிலா, கொஞ்சம் கொஞ்சமாகவா? அதற்கு முன் கோழி என்ன செய்துகொண்டிருந்தது?

3. கீழே விழுந்த இறகு எப்படி இருக்கிறது? முழுதாகவா, ஒடிந்தா, கடித்துக் குதறினாற்போலவா?

4. வெற்றிடத்தில் புது இறகுக் குருத்து தெரிகிறதா?

5. ஒரு கோழிக்கு மட்டுமா, எல்லாக் கோழிக்குமா?

விடைகள் கிடைத்துவிட்டனவா? வாருங்கள், சந்தேகப் பட்டியலில் உள்ளவர்களை ஒவ்வொருவராக விசாரிப்போம்!

சந்தேகம் 1: பிறவியிலேயே அப்படியா?

நம் ஊரில் கழுத்தறுத்தான் கோழி என்று ஓர் இனம் உண்டு. அதன் கழுத்தில் இறகே இருக்காது. சிவந்த தோல்தான் தெரியும். குஞ்சாக இருக்கும்போதே கழுத்து மொட்டைதான். இதை நோய் என்று நினைத்துப் பயப்படக் கூடாது.

கழுத்தில் ஏன் இறகு முளைப்பதில்லை? 2011-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோ பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இதற்கு விடை கண்டார்கள். இந்த இனத்துக் குஞ்சு முட்டைக்குள் வளரும்போதே, இறகு முளைப்பதைத் தடுக்கும் ஒரு புரதம் தோலில் கூடுதலாக உண்டாகிறதாம். உடம்பின் மற்ற இடங்களிலும் இந்தக் கோழிக்கு இறகு குறைவு. அதனால் உடல் சூடு எளிதில் வெளியேறும். சித்திரை வெயிலில் மற்ற கோழிகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கும்போது, இது அவ்வளவாகத் தவிப்பதில்லை. நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற கோழி!

ஆகவே முதல் கேள்வியே, "இந்தக் கோழிக்குக் கழுத்தில் எப்போதாவது இறகு இருந்ததா?" என்பதுதான். இருந்தது என்றால் அடுத்த சந்தேகத்துக்குப் போவோம்.

சந்தேகம் 2: சட்டை மாற்றுகிறதா?

பாம்பு சட்டை உரிப்பது உங்களுக்குத் தெரியும். கோழியும் பழைய இறகை உதிர்த்துவிட்டுப் புதிய இறகை முளைக்க வைக்கும். இதுதான் இறகு மாற்றம். இது நோயே இல்லை!

இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் தலை, கழுத்து. பிறகு மார்பு, உடம்பு. கடைசியில் இறக்கை, வால். உதிர்ந்த இறகு முழுதாக இருக்கும். அடிக்காம்பு ஒடிந்திருக்காது. உதிர்ந்த இடத்தில் சில நாட்களில் முள் முள்ளாகக் குருத்துகள் எட்டிப் பார்க்கும். அந்தக் குருத்துக்குள் ரத்தம் ஓடும். அழுத்தினால் கோழிக்கு வலிக்கும். அந்த நேரத்தில் கோழியைத் தூக்கிக் கொஞ்சக் கூடாது.

முழுச் சட்டையும் மாற இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம். அதுவரை கோழி முட்டையிடுவதைக் குறைத்துக்கொள்ளும் அல்லது நிறுத்திவிடும். ஏன் தெரியுமா? அந்த 16 முட்டைக் கணக்குதான்! இருக்கிற புரதத்தை வைத்து முட்டையும் இட்டு, சட்டையும் தைக்க முடியுமா?

பகல் பொழுது குறைவதுதான் கோழிக்கு "சட்டையை மாற்று" என்று சொல்லும் மணி. லண்டனில் ஜூன் மாதத்தில் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல். டிசம்பரில் 8 மணி நேரம்கூட இல்லை. அதனால் அங்கே கோழிகள் இலையுதிர்காலத்தில் ஒழுங்காக இறகு மாற்றும். பெரம்பலூரில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை. ஆகவே நம் கோழிக்கு இந்த மணி அவ்வளவு சத்தமாக அடிப்பதில்லை. முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சுகளை வளர்த்துப் பிரித்துவிட்ட பிறகு உடம்பு ஓய்ந்துபோன நேரத்திலும் நாட்டுக்கோழி இறகு மாற்றும்.

இது எவ்வளவு பழைய பழக்கம் தெரியுமா? அரியலூர் மாவட்டம் கல்லமேடு பகுதியில் டைனோசர் எலும்புகள் கிடைத்திருக்கின்றன என்று படித்திருப்பீர்கள். பறவைகள் எல்லாம் டைனோசர் வம்சத்தில் வந்தவைதான். சீனாவில் 1996-ஆம் ஆண்டு முதல் இறகு முளைத்த டைனோசர்களின் புதைபடிவங்கள் கிடைத்து வருகின்றன. அவற்றில் மைக்ரோராப்டர் என்ற சின்ன டைனோசரும் ஒன்று. அது இறக்கை இறகுகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்ததற்கான அடையாளத்தை 2020-ல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய படிவம் அது! உங்கள் வீட்டுக் கோழி செய்வது புதுக் கோளாறு இல்லை. பரம்பரைப் பழக்கம்!

சந்தேகம் 3: அடையில் உட்கார்ந்ததா?

மார்பிலும் அடிவயிற்றிலும் மட்டும் இறகு இல்லையா? கோழி அடையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

முட்டைக்குத் தேவை தாயின் உடம்புச் சூடு. நடுவில் இறகு இருந்தால் சூடு முட்டைக்குச் சரியாகப் போகாது. அதனால் அந்த இடத்து இறகு உதிர்ந்துவிடும். கோழியும் அலகால் பிடுங்கிக்கொள்ளும். 21 நாள் தன் வெறும் தோலை முட்டைமேல் வைத்து உட்கார்ந்திருக்கும். இது நோயா? இல்லை. தாய்ப்பாசம்! குஞ்சு பொரித்த பிறகு இறகு தானே வளர்ந்துவிடும்.

சந்தேகம் 4: சேவல் செய்த வேலையா?

முதுகிலும் பிடரியிலும் மட்டும் இறகு தேய்ந்து, ஒடிந்து இருந்தால் சேவலைக் கவனியுங்கள். சேவல் கோழியின் முதுகில் ஏறும்போது அதன் கால் நகமும் முள்ளும் இறகைத் தேய்க்கும். அலகால் பிடரி இறகைப் பிடித்துக்கொள்ளும். எட்டு, பத்துக் கோழிக்கு ஒரு சேவல் போதும். இரண்டு கோழிக்கு இரண்டு சேவல் இருந்தால் பாவம், கோழியின் முதுகு என்ன ஆகும்? முதுகில் தோல் கிழிந்து புண்ணாகி இருந்தால், கொஞ்ச நாள் கோழியைத் தனியே வைக்கச் சொல்லுங்கள்.

சந்தேகம் 5: மற்ற கோழி கொத்தியதா?

வால் அடியிலும் பின்பக்கத்திலும் இறகு போய், ரத்தப் புள்ளிகள் தெரிகிறதா? அப்படியானால் கூட இருக்கும் கோழிகள்தான் குற்றவாளிகள்!

நார்வே நாட்டில் தோர்லெய்ஃப் ஷெல்டெரப்-எப்பே என்று ஒரு பையன் இருந்தான். கோழிகள் என்றால் அவனுக்கு உயிர். பத்து வயதிலேயே, எந்தக் கோழி எந்தக் கோழியைக் கொத்துகிறது என்று நோட்டில் எழுதத் தொடங்கிவிட்டான். அவன் கண்டது என்ன? முதல் கோழி எல்லாக் கோழிகளையும் கொத்தும். இரண்டாவது கோழி, முதல் கோழியைத் தவிர மற்றவற்றைக் கொத்தும். இப்படியே இறங்கிக்கொண்டு போய், கடைசிக் கோழி எல்லாரிடமும் கொத்து வாங்கும்! பெரியவனானதும் 1921-ல் இதை ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார். 'கொத்தும் வரிசை' என்று உலகம் முழுக்க இன்று விஞ்ஞானிகள் பேசுவது, ஒரு சிறுவனின் கோழி நோட்டில் தொடங்கியதுதான்.

தாராளமாக மேயும் இடத்தில் கடைசிக் கோழி ஓடித் தப்பித்துவிடும். சின்னக் கூண்டில் நிறையக் கோழிகளை அடைத்தால் எங்கே ஓடும்? தீனி, தண்ணீர் பற்றாமல் போனாலும், தீனியில் புரதமும் உப்பும் குறைந்தாலும் கொத்துவது அதிகமாகும். ரத்தத்தைக் கண்டால் மற்ற கோழிகளும் சேர்ந்துகொள்ளும். அதனால் காயம்பட்ட கோழியை உடனே பிரித்து வைக்க வேண்டும். தீனியை ஒரே இடத்தில் கொட்டாமல் இரண்டு மூன்று இடங்களில் வைத்தால், கடைசிக் கோழிக்கும் ஒரு வாய் கிடைக்கும்.

சந்தேகம் 6: பேனும் செள்ளும்

கோழி ஓயாமல் அலகால் உடம்பைக் கோதுகிறதா? இறகு கடித்துக் குதறினாற்போல் இருக்கிறதா? பின்பக்கத்து இறகை விரலால் விலக்கிப் பாருங்கள். வைக்கோல் நிறத்தில் குட்டிப் பூச்சிகள் வெளிச்சம் பட்டதும் ஓடினால் அது பேன். இறகின் அடியில் வெள்ளை வெள்ளையாகக் கொத்தாக ஒட்டியிருந்தால் அது ஈர். கோழிப் பேன் நம் தலையில் குடியேறாது. பயப்பட வேண்டாம்!

செள் இன்னும் தந்திரக்காரன். பகலில் கோழியின்மேல் தேடினால் ஒன்றுகூட இருக்காது. கூண்டின் இடுக்கிலும் கோழி அடையும் கட்டையின் வெடிப்பிலும் ஒளிந்திருக்கும். இரவில் வந்து ரத்தம் குடித்துவிட்டு விடிவதற்குள் ஓடிவிடும். இவனைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. இரவில் கட்டைக்கு அடியில் வெள்ளைத் துணி விரித்து வையுங்கள். கொஞ்ச நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஊசிமுனை போன்ற சிவப்புப் புள்ளிகள் நகர்ந்தால் திருடன் அகப்பட்டான்!

பேனை விரட்டக் கோழிக்கே ஒரு வைத்தியம் தெரியும். அதுதான் மண் குளியல். சாம்பலும் காய்ந்த மண்ணும் கலந்து நிழலில் ஒரு குழியில் போட்டு வைத்தால், கோழி புரண்டு புரண்டு குளிக்கும். காய்ந்த வேப்பிலையைப் பொடித்தும் சேர்க்கலாம். கூண்டைக் காலி செய்து, கழுவி, வெயிலில் காயவைத்து, இடுக்குகளை அடைக்கப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். மருந்து வேண்டுமானால் கால்நடை மருத்துவர் தருவார். ஒருமுறை போட்டால் போதாது. ஈர் பொரித்துப் புதுப் பேன் வரும். அதனால் அவர் சொல்லும் இடைவெளியில் மீண்டும் போட வேண்டும்.

சந்தேகம் 7: தட்டில் என்ன இருக்கிறது?

பெரம்பலூர் மாவட்டத்தில் மக்காச்சோளம் நிறைய விளைகிறது. அறுவடை முடிந்தால் களத்திலும் திண்ணையிலும் மஞ்சள் மஞ்சளாகக் குவிந்து கிடக்கும். கோழிக்குக் கொண்டாட்டம்தான்! வேறு எதையும் தேடாமல் அதையே தின்றுகொண்டிருக்கும்.

மக்காச்சோளம் நல்ல தீனிதான். ஆனால், 100 கிராம் மக்காச்சோளத்தில் சுமார் 9 கிராம்தான் புரதம். முட்டையிடும் கோழியின் தீவனத்தில் 100-க்கு 16 முதல் 18 கிராம் புரதம் இருக்க வேண்டும். வெறும் மக்காச்சோளத்தைத் தின்னும் கோழிக்கு வயிறு நிறையும். இறகு நிறையாது! முளைக்கும் இறகும் மங்கலாக, நொய்ந்து, சீக்கிரம் ஒடிந்துபோகும்.

இதற்கு மருந்து கிராமத்திலேயே இருக்கிறது. கடலைப் புண்ணாக்கில் 100-க்குச் சுமார் 40 பங்கு புரதம். ஊறவைத்து மற்ற தீனியோடு கொஞ்சம் கலந்து கொடுக்கலாம். பூசணம் பிடித்த புண்ணாக்கு மட்டும் ஆகவே ஆகாது. அது விஷம். முருங்கைக் கீரையும் கொடுக்கலாம்.

கரையான் வைத்தியம் தெரியுமா? பழைய மண்பானை ஒன்றில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலை எல்லாவற்றையும் போட்டுத் தண்ணீர் தெளியுங்கள். சாயங்காலம் புற்றுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மறுநாள் காலையில் பானை நிறையக் கரையான்! கோழிக்கும் குஞ்சுக்கும் அதைவிடப் பெரிய விருந்து இல்லை. புற்றுக்குள் மட்டும் கையை விடாதீர்கள். பாம்பு இருக்கலாம். பெரியவர்களோடுதான் போக வேண்டும்.

சந்தேகம் 8: கீரியும் பஞ்சாரமும்

ஒரே இரவில் வால் இறகு மொத்தமும் காணாமல் போய், இறகுகள் ஓர் இடத்தில் குவியலாகக் கிடக்கின்றனவா? கீரியோ நாயோ பூனையோ பாய்ந்திருக்கும். கோழி வாலை விட்டுவிட்டு உயிரைக் காப்பாற்றிக்கொண்டது! உடம்பில் காயம் இருக்கிறதா என்று உடனே பாருங்கள்.

இறக்கை நுனியும் வால் நுனியும் மட்டும் பிய்ந்த துடைப்பம்போல் இருந்தால், பஞ்சாரம் சின்னதாக இருக்கிறது என்று பொருள். கோழி வளர்ந்த அளவுக்குப் பஞ்சாரம் வளரவில்லை!

ஒரு கோழி பிழைத்த கதை

இந்த ஐந்து கேள்விகளும் ஒரு கோழியை எப்படிக் காப்பாற்றின என்று சொல்கிறேன். எங்கள் தெருவில் ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கென்று ஒரு செவலைக் கோழி. முட்டை விற்ற காசு அவளுடையது. நோட்டும் பேனாவும் அதில்தான் வாங்குவாள்.

ஐப்பசி மாதம் அந்தக் கோழியின் கழுத்து இறகு கொட்டியது. அடுத்த வாரம் மார்பும் வெறிச்சோடியது. முட்டையும் நின்றுவிட்டது. "இனிமே இது தேறாது, சந்தைக்குப் போட்டுடலாம்" என்று அவள் அம்மா முடிவு செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சந்தை. நடுவில் இருந்தது நான்கே நாள்.

அவள் அழுதுகொண்டு என்னிடம் வந்தாள். "வாத்தியார் தாத்தா, நீங்க வந்து அம்மாகிட்ட சொல்லுங்க" என்றாள்.

"நான் சொன்னா உங்கம்மா கேக்க மாட்டாங்க. உன் நோட்டு சொன்னா கேப்பாங்க" என்று சொல்லி, ஐந்து கேள்விகளையும் எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு நாளில் நோட்டோடு வந்தாள். 'இடம்: கழுத்து, மார்பு. எப்போது: குஞ்சுகளைக் கொத்தி விரட்டிய பிறகு. விழுந்த இறகு: முழுசாக இருக்கிறது. குருத்து: கழுத்தில் 14 எண்ணினேன், அப்புறம் கோழி கத்தியது. மற்ற கோழிகள்: நன்றாக இருக்கின்றன. பேன்: இல்லை. வெள்ளைத் துணி: ஒன்றும் இல்லை.' கடைசி வரியை அவளாகவே சேர்த்திருந்தாள். 'தீனி: மக்காச்சோளம் மட்டும்.'

நீங்களே சொல்லுங்கள், யார் குற்றவாளி? யாருமே இல்லை! கோழி சட்டை மாற்றுகிறது. ஆனால் தைக்கத் துணி போதவில்லை!

அந்த நோட்டை அவள் அம்மா ஒருமுறைக்கு இருமுறை படித்தார். எழுந்து போய்க் கோழியின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். குருத்து விரலில் குத்தியது. "சரி, பொங்கல் வரைக்கும் பாப்போம்" என்றார். அன்று முதல் புண்ணாக்கும் கரையானும் கோழிக்குக் கிடைத்தன. மார்கழிக் கடைசியில் அது புதுச் செவலை இறகோடு வாசலில் நின்றது. தை பிறந்து பத்து நாள் கழித்து, காலை வேளையில் அந்த வீட்டிலிருந்து "கொக்... கொக்... கொக்கரக்கோ" என்று ஒரே சத்தம். முட்டை!

செய்யவே கூடாதது என்ன?

வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கோழிமேல் தெளிக்கக் கூடாது. கோழி இறகைக் கோதும்போது அது வாய்க்குள் போகும். கோழி சாகலாம். கோழி பிழைத்தாலும் முட்டை வழியாகவும் கறி வழியாகவும் அந்த நஞ்சு உங்கள் வயிற்றுக்கே வரலாம். மருந்து தெளித்த கோழியைத் தூக்கிக் கொஞ்சுவது யார்? நீங்கள்தானே! வீட்டில் யாராவது அந்த டப்பாவை எடுத்தால், "வேண்டாம்" என்று தைரியமாகச் சொல்லுங்கள். மண்ணெண்ணெயும் வேண்டாம். தோல் வெந்துபோகும்.

இன்னொன்று. இறகு போவதோடு கோழி தீனி எடுக்காமல் மூலையில் உறங்கினாலோ, வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிந்தாலோ, கழுத்து முறுக்கினாலோ அது வேறு விஷயம். வெள்ளைக் கழிச்சல் போன்ற நோயாக இருக்கலாம். தாமதிக்காமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் உதவி கேட்கலாம். இறந்துபோன கோழியைக் கையால் தொடாதீர்கள். பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். நல்ல கோழியைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

கோழி வளர்ப்பில் சந்தேகம் கேட்க வீட்டுப் பெரியவர்களுக்கு இடம் இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் வாலிகண்டபுரத்திலும், அரியலூர் மாவட்டம் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் மையங்கள் உள்ளன. அம்மா, அப்பாவிடம் சொல்லி வையுங்கள்.

வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள்!

கழுத்து, பிறகு மார்பு. குருத்து தெரிகிறது - இறகு மாற்றம். நல்ல தீனி கொடு.

அடிவயிறு மட்டும் - அடை. தொந்தரவு செய்யாதே.

முதுகு, பிடரி - சேவல். பிரித்து வை.

வாலடி, ரத்தப்புள்ளி - கொத்து. இடம் கொடு, காயம்பட்டதைத் தனியே வை.

குதறிய இறகு, ஓயாத அரிப்பு - பேன், செள். மண் குளியல், கூண்டு சுத்தம்.

மங்கிய, ஒடியும் இறகு - தீனியில் புரதக் குறைவு. புண்ணாக்கு, கரையான்.

ஒரே இரவில் வால் இல்லை - கீரி, நாய், பூனை. கதவைச் சரிசெய்.

பிறவியிலேயே கழுத்து மொட்டை - கழுத்தறுத்தான். கவலையே வேண்டாம்!

சில நேரம் இரண்டு காரணங்கள் கைகோத்துக்கொண்டு வரும். அதனால் ஒன்றைக் கண்டுபிடித்ததும் நோட்டை மூடிவிடாதீர்கள். ஐந்து கேள்விகளையும் முடித்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

கோழியால் வாய் திறந்து, "எனக்கு இதுதான் பிரச்னை" என்று சொல்ல முடியாது. அதன் உடம்பில் எழுதியிருப்பதை நாம்தான் படிக்க வேண்டும். என்ன குழந்தைகளே, இன்று சாயங்காலம் கோழி அடையும் நேரத்தில் நோட்டும் பென்சிலுமாகப் புறப்படுவீர்கள்தானே?